பின்வாசலால் கம்பஸுக்கு

கலிபோர்னியாவில் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று நேர்வழி. மற்றது, சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்கு மாறுவது. பேஸ்போல் வீரர் ஜாக்கி றொபின்சன் 1939 இல் பசடீனா ஜூனியர் கல்லூரியில் இருந்து யூசிஎல்ஏக்குப் போனதும் இப்படித்தான்.

1960 இல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டத்தை எல்லாருக்கும் கதவு திறந்த திட்டம் எண்டு புகழுவார்கள். நாங்கள் கணக்கைப் பார்ப்போம். அதுவரை பள்ளி முடிப்போரில் முதல் 15 வீதமளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றார்கள். திட்டம் அதை 12.5 ஆக்கியது. மாநிலக் கல்லூரிகளில் (இன்றைய கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) பாதியளவாக இருந்தது மூன்றில் ஒன்றானது. மிச்ச ஆக்களுக்கு ஜூனியர் கல்லூரி. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் படையாக வரப்போகினம், அரசுக்கு அதுதான் மலிவு. பின்வாசலைத் திறந்த கையே முன்வாசலை ஒடுக்கியது.

அதே 1960 இல், சமூகவியலாளர் பேர்ட்டன் கிளார்க் சான் ஹொசேயின் ஜூனியர் கல்லூரி ஒன்றைப் பற்றி எழுதினார். மாறிப்போகும் கனவோடு வந்த பலரை ஆலோசகர்கள் திட்டாமல், விரட்டாமல், மெல்ல மெல்லத் தொழிற்கல்விப் பக்கம் திருப்பினார்கள். எங்கட பாசையில் சொன்னால், ஆறப்போட்டார்கள். பிள்ளையோ தன்னில்தான் பிழை எண்டு நினைக்கும்.

ஐம்பது வருடம் கழித்து, 2010 இல்தான் சட்டம் வந்தது: குறித்த 60 அலகுப் பட்டத்தை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். எந்தக் கம்பஸில் எண்டதற்கு மட்டும் உறுதி இல்லை.