பந்துன்: பினாங்கில் மலாய் நான்கடிப் பாட்டும் அதன் மொழிபெயர்ப்பும்

பந்துன் என்பது மலாய் மொழியின் நான்கடிச் செய்யுள். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை என்று மலாய் பேசப்படும் நாடுகளிலெல்லாம் வழங்குகிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்மொழிய, 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் ஏற்றது. ஏட்டில் படிப்பதைவிட வாயால் சொல்லியே வளர்ந்த வகை இது. பெண் கேட்கப் போகும் வீட்டில் இரு தரப்புப் பெரியவர்களும் பந்துனால்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சர் தம் உரையைப் பந்துன் சொல்லி முடிப்பதும், அதற்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இன்னொரு பந்துன் பதிலாக வருவதும் மலேசியர்களுக்குப் பழகிய காட்சி.

பந்துனின் இலக்கணம் எளிது. ஓரடியில் பெரும்பாலும் நான்கு சொற்கள், எட்டு முதல் பன்னிரண்டு அசைகள். முதலடியின் ஈற்றொலி மூன்றாமடியிலும், இரண்டாமடியின் ஈற்றொலி நான்காமடியிலும் திரும்ப வரும். முன்னிரண்டு அடிகளுக்குப் பெம்பாயாங் என்று பெயர். நிழல் என்னும் பொருளுள்ள பாயாங் என்ற சொல்லிலிருந்து வந்தது. பின்னிரண்டு அடிகள் மக்சுட், அதாவது பொருள். நிழலில் ஆறு, படகு, கத்தரிக்காய், புறா என்று ஏதாவது ஒரு காட்சி இருக்கும். பொருளில் காதலோ நன்றியோ குத்தலோ இருக்கும். இரண்டுக்கும் என்ன உறவு என்பதே பந்துனைப் பற்றிய பழைய சண்டை.

உறவு உண்டு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சாரார் வாதிட்டார்கள். அப்படி ஒன்றைத் தேடுவதே வீண், ஒலிதான் பாலம் என்றார் டச்சு அறிஞர் வான் ஒப்ஹுய்சன். 1904இல் அவர் காட்டிய சான்று சுவையானது. சுமத்ராவின் மாண்டைலிங் பத்தாக் மக்களிடம் காதலர்கள் இலைகளை அனுப்பிப் பேசிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இலைக்குரிய செடியின் பெயர் எந்தச் சொல்லைப் போல ஒலிக்கிறதோ அந்தச் சொல்தான் செய்தி. குறிஞ்சி, முல்லை என்று பூவைச் சொன்னாலே நிலமும் ஒழுக்கமும் மனத்தில் விரியும் மரபில் வந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தை. நம் திணையில் செடி தான் வளரும் இடத்தால் பேசுகிறது, அங்கே தன் பெயரின் ஒலியால் பேசுகிறது. ஒலி மட்டுமே பாலம் என்பதை மலாய்க்காரர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. நல்ல பந்துனில் நிழல் பொருளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நம் உள்ளுறையைப் போல ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்க அது இடம் தராது.

மொழிபெயர்ப்பாளர் தடுக்கி விழுவதும் இங்கேதான். கருத்தை மட்டும் கொண்டுவந்தால் முன்னிரண்டு அடிகள் வேலையற்று நிற்கும். ஈற்றொலியைக் காப்பாற்றப் போனால் படகு கட்டிலாகும், கத்தரிக்காய் வேறு காயாகும். தமிழுக்கு வரும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை இயைபு என்று யாப்பிலக்கணம் பெயரிட்டு வைத்திருந்தாலும், இன்றைய காதுக்கு அது திரைப்பாட்டு வாசம் அடிக்கிறது. தமிழின் காது அடியின் தொடக்கத்தில், எதுகையில் இருக்கிறது. ஓரடி விட்டு ஓரடி எதுகை ஒன்றி வருவதற்கு நம் யாப்பு நூல்கள் இடையிட்டெதுகை என்று தனிப்பெயரே தந்திருக்கின்றன. பந்துன் அடி முடிவில் செய்வதை அடி முதலில் செய்தால் அதுதான். இந்தக் கட்டுரைக்காகக் கட்டிய ஒரு மாதிரி:

கரையில் கிடக்குது பழைய படகு,
மூங்கில் கூடையில் சாதிக்காய் காயுது;
உரையில் வராத ஒருசொல் உண்டு,
தூங்கும் போதும் நாவில் தங்குது.

கரை உரையோடும், மூங்கில் தூங்கும் என்பதோடும் சேர்கின்றன. சாதிக்காய் பினாங்கின் பாலிக் புலாவ் பக்கத்துச் சரக்கு. காய்ந்தாலும் மணம் போகாது. நாவில் தங்கும் சொல்லுக்கும் அதற்கும் உறவுண்டா என்று கேட்டால், உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லலாம். இதைச் சிறந்த பாட்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் பந்துனை மொழிபெயர்ப்பவர் ஒலிக்காகப் படும் பாட்டில் பாதி தமிழில் பட வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

தொடர் பந்துன் என்ற வகையும் உண்டு. மலாயில் பந்துன் பெர்காயிட். ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் அடிகளாகும். நம் அந்தாதிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. வில்லியம் மார்ஸ்டன் 1812இல் வெளியிட்ட மலாய் இலக்கண நூலில் இந்த வகைப் பாட்டு ஒன்று இருந்தது. அதை எர்னஸ்ட் ஃபூனே பிரெஞ்சு உரைநடையில் பெயர்க்க, விக்டர் ஹியூகோ 1829இல் தம் கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் சேர்த்தார். ‘ன்’ என்று முடிய வேண்டிய பெயர் அங்கே ‘ம்’ என்று முடிந்தது. அச்சுப்பிழை என்றே பலரும் கருதுகிறார்கள். பிழையான பெயரே நிலைத்து, பாந்தூம் என்ற ஐரோப்பிய வடிவம் பிறந்தது. பொதலேர் 1857இல் அந்தச் சாயலில் எழுதினார். அமெரிக்கக் கவிஞர் ஜான் ஆஷ்பெரியின் 1956ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் ஒரு பாந்தூம் உண்டு. ஐரோப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டது, நிழலைப் பெரும்பாலும் நழுவவிட்டது.

பினாங்கில் இந்த வடிவம் ஓர் இனத்தின் சொத்தாக இருந்ததில்லை. முன்பு முஹர்ரம் மாதத்தில் தெருத்தெருவாகப் பாடிப் போன போரியா, 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படையின் இந்திய முஸ்லிம் சிப்பாய்களோடு வந்ததாகச் சொல்வார்கள். துக்காங் காராங் எனப்படும் பாட்டுக்காரர் அந்த இடத்திலேயே அடிகளைக் கட்டிப் பாட, பின்னால் வரும் கூட்டம் பல்லவியை வாங்கிப் பாடும். மலாய் பேசும் சீனர்களான பாபாக்களும் பந்துன் பாடினார்கள். 1851இல் பினாங்கில் பிறந்த பாபா சான் கிம் பூன், சிங்கப்பூரில் இருந்தபடி, சீனத்தின் மூன்று அரசுகள் கதையை 1892 முதல் 1896 வரை 30 பகுதிகளாக பாபா மலாயில் வெளியிட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் பத்து காந்தோங். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் பழைய சீன இடுகாடு இருக்கும் இடம் அது. ஊரை விட்டுப் போனவர் கடைசியில் எங்கே திரும்ப விரும்பினார் என்பது பெயரிலேயே தெரிகிறது.

அதே காலத்தில் தமிழ்ப் புலவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இன்றும் இருக்கிறது. மலாக்கா நீரிணையின் தென்கோடியில், சிங்கப்பூரில், சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி 1887இல் அச்சேறியது. அந்தாதி பாடிய புலவருக்குத் தெருவில் கேட்ட தொடர் பந்துன் உறவாகத் தோன்றியதா என்று தெரியவில்லை. புலமை மரபுக்குத் தெருப்பாட்டு எப்போதும் கொஞ்சம் தூரம்தான்.

இருபதாம் நூற்றாண்டில் பழையதும் புதியதும் ஒரே மேசையில் சேர்ந்ததற்கு முகம்மது ஹாஜி சாலேயைச் சொல்ல வேண்டும். 1942இல் பேராக்கின் தைப்பிங் வட்டாரத்தில் பிறந்தவர். 1973இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1991இல் மலேசியாவின் தேசிய இலக்கியவாணர் ஆனார். பின்னாளில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதுபவர். தாயை மறுத்துக் கல்லாகிப்போன சி தெங்காங்கின் பழங்கதையை, கடல் கடந்து படித்துத் திரும்பியவனின் கதையாக 1975இல் மாற்றி எழுதினார். 1981இல் வந்த தொகுப்பில் சேஜாரா மெலாயு என்ற பழைய அரச வரலாற்றின் ஆட்கள் தற்காலக் கவிதையில் பேசினார்கள். ஹங் துவா காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார்; பந்துனுக்கென்றே பல ஆண்டுகளைச் செலவிட்டுத் தொகுத்தும் ஆராய்ந்தும் மொழிபெயர்த்தும் வந்தார். பழம்பாட்டை மொழிபெயர்ப்பவர் தாமே கவிஞராக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜனை நாம் காட்டுவது போல, மலாய்க்காரர்கள் இவரைக் காட்டலாம்.

ஜார்ஜ்டவுனில் 2011 முதல் இலக்கிய விழா நடக்கிறது. 2018இல் லண்டன் புத்தகக் காட்சியின் சர்வதேச விருது அதற்குக் கிடைத்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று ஊர் நான்கு மொழியில் பேசினாலும் கவிதை இன்னும் பெரும்பாலும் அவரவர் வீட்டுக்குள்ளேயே புழங்குகிறது. பினாங்கு வழக்கறிஞரும் கவிஞருமான சிசில் ராஜேந்திராவின் ஆங்கிலக் கவிதைகள் வெளிநாடுகளில் வாசிக்கப்பட்ட அளவு பக்கத்துத் தெருத் தமிழ் வாசகருக்கு வந்து சேரவில்லை. எதிர்த் திசையில் திருக்குறள் 1960களிலேயே மலாய்க்குப் போய்விட்டது. ஏழு சீரில் முடியும் குறளை மலாய் வாசகருக்குச் சொல்ல இரண்டடி போதாமல் போகலாம். நான்கடிப் பந்துனோ அதன் பாதியை நிழலுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். வள்ளுவர் நிழல் விரிப்பவர் இல்லை. உவமை வேண்டுமென்றால் அதையும் அந்த ஏழு சீருக்குள்ளேயே முடித்துவிடுவார்.

பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் பாடவேளையில் பந்துன் ஒப்பிக்கிறார்கள். மணி அடித்துத் தமிழ் வாத்தியார் வந்ததும் ‘செய்யுளும் மொழியணியும்’ பகுதியைத் திறக்கிறார்கள். அதில் கொன்றைவேந்தன் உண்டு, குறள் உண்டு. இடையிட்டெதுகை அந்த வயதுப் பாடமில்லை.