முன்வைத்ததை உண்ணுதல்

அந்நிய நாடு செல்வோரின் உள்ளத்தைச் சோதிப்பவற்றுள் உணவு முதன்மையானது. தாம் அனுப்பிய எழுபத்திரண்டு சீடரை, செல்லும் ஊரில் தங்கள்முன் வைக்கப்படுவதை உண்ணுமாறு ஆண்டவர் பணித்ததை லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் கூறுகிறது. இக்கட்டளை நம் மதுரை மண்ணில் நிறைவேறிய விதத்தையும் அதற்குத் தரப்பட்ட விலையையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1577இல் இத்தாலிய உயர்குடியில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, 1605இல் கோவா வந்து, 1606இல் மதுரையை அடைந்தார். அங்கே இயேசு சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார், பரவ கிறிஸ்தவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் முன்னரே பணியாற்றி வந்தார். நகரத்து உயர்குடியினரோ திருமறையை நெருங்கவில்லை. மாட்டிறைச்சி உண்டு மது அருந்தும் ஐரோப்பியரைப் பரங்கியர் என்று அவர்கள் ஒதுக்கினர். பரங்கியரின் உணவைப் போலவே அவர்தம் மறையும் தீட்டு என எண்ணினர்.

இதனை உணர்ந்த நொபிலி காவியுடை பூண்டார். இறைச்சியையும் மீனையும் மதுவையும் துறந்தார். பிராமணர் ஒருவர் சமைத்த சோறும் பாலும் காய்கறியுமே, அதுவும் நாளுக்கு ஒருவேளை மட்டுமே, அவர் உணவாயின. புதுச்சுவை நாடும் பயணியின் ஆர்வமன்று இது. ஆண்டுகள் பலவாக நீடித்த தவம். தத்துவ போதகர் என மக்கள் அவரை மதித்தனர். கற்றோர் அவரை நாடி வந்து உரையாடினர்.

எனினும் ஒரு கதவைத் திறந்த அதே உணவு மற்றொரு கதவை அடைத்தது. அவர் தம் சபைச் சகோதரரான பெர்னாண்டசை விட்டுத் தனித்து வாழ்ந்தார், தனித்தே உண்டார். ஒரே ஆண்டவரின் குருக்கள் இருவர் ஒரே ஊரில் ஒரே பந்தியில் அமர இயலாமற் போயிற்று. பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்திற்கு முறையிட்டார். நெடிய விவாதத்திற்குப் பின், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623இல் பூணூல், குடுமி, சந்தனம் முதலிய வழக்கங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஆயினும் தாழ்த்தப்பட்டோர் நொபிலியை வெளிப்படையாக அணுக இயலாத நிலை நீடித்தது. இக்குறையைப் போக்கவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் குருக்கள் தோன்றினர். 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசாமியாகவே பணியாற்றினார்.

அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்பதினின்று பேதுரு விலகியபோது, பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததை நாம் அறிவோம். எதை உண்கிறோம் என்பதினும் யாரோடு உண்கிறோம் என்பதே அங்கும் கேள்வியாயிற்று. பிறர் உணவை ஏற்க நொபிலி காட்டிய துணிவு போற்றத்தக்கது. ஆனால் அவர் காலத்துப் பந்தியில் இடம்பெறாதோர்க்கு நம் பந்தியில் இடமுண்டா? திருப்பலியில் ஒரே அப்பத்தை உண்ணும் நாம், ஆலய வாயிலைக் கடந்த பின்னும் ஒரே பந்தியில் அமர்கிறோமா? நம் பங்குகளிலும் இல்லங்களிலும் நாம்தான் இதற்கு விடை தர வேண்டும்.