காசநோயும் பாடபேதமும்

ஏட்டுச்சுவடிப் பதிப்பின் வரலாறு தெரிந்தவர்களுக்கு மரபணு வரிசையறிதல் அந்நியமான விஷயமல்ல. ஒரு மூலபாடம், பல பிரதிகள், ஏடெழுதியவர் பிழை, பாடபேதப் பட்டியல். காசநோய்க் கிருமியை எழுத்தாக வாசிக்கும் இன்றைய மருத்துவம் செய்வதும் இதைத்தான். ஆனால் எந்த வாசிப்பும் அதிகாரத்துக்கு வெளியே நடப்பதில்லை.

மூலபாடத்திலிருந்து தொடங்குவோம். 1905இல் நியூயார்க் மாகாணத்தின் சரனாக் லேக்கில் 19 வயது நோயாளி ஒருவனிடமிருந்து எட்வர்ட் பால்ட்வின் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். ஹெச்37 என்று பெயர். பிற்பாடு அதன் வீரியமுள்ள கிளை ஹெச்37ஆர்வி ஆயிற்று. 1998இல் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து வாசித்தது இதைத்தான். மொத்தம் 44 லட்சம் எழுத்துகள். இன்று எந்த ஊர் நோயாளியின் கிருமியையும் பெரும்பாலும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பையனின் நெஞ்சுச்சளி மூலபாடமாகிவிட்டது. பெயரில் அவன் இல்லை, எண்தான் இருக்கிறது.

ஒப்பிடுவதால் என்ன லாபம்? ஆர்பிஓபி என்கிற மரபணுவின் 450ஆம் இடத்தில் டிசிஜி என்பது டிடிஜி ஆகிவிட்டால் ரிஃபாம்பிசின் பலிக்காது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. அது தெரியாமல்போனால் நோயாளி பலிக்காத மாத்திரையை மாசக்கணக்கில் விழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். 2017இல் இங்கிலாந்து முழு மரபணு வாசிப்பை வழக்கமான காசநோய்ப் பரிசோதனையாகவே ஆக்கியது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் 38,000க்கு மேற்பட்ட கிருமி மாதிரிகளை வைத்து ஒரு பாடபேதப் பட்டியல் வெளியிட்டது. கிருமி வளரும்வரை வாரக்கணக்கில் காத்திராமல், மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைச் சளியிலிருந்தே வாசிக்கும் முறையையும் 2024இல் பரிந்துரைத்தது. ஆகவே 'விஞ்ஞானம் வேண்டாம்' என்கிற பம்மாத்தெல்லாம் இங்கே செல்லாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பிழையைக் கொண்ட ஏடுகள் ஒரே குடும்பம் என்பது பதிப்பாசிரியனின் பாலபாடம். கிருமிக்கும் இது பொருந்தும். அதில் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஓர் எழுத்துதான் மாறுகிறது. 2013இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று கோடு கிழித்தது: வித்தியாசம் 5 எழுத்துக்குள் என்றால் அண்மைத் தொற்று, 12ஐத் தாண்டினால் தொடர்பிருக்க வாய்ப்பு குறைவு. சுவடியில் இது வம்சாவளி. மனிதர்களிடத்தில் 'யார்ட்டேருந்து யாருக்கு வந்தது' என்கிற விசாரணை. விடுதி, சிறை, அகதி முகாம் என்று இந்த விசாரணை போய் நிற்கக்கூடிய வாசல்களை நாம் அறிவோம்.

ஆனால் எழுத்து அவ்வளவு சொல்வதில்லை. இரண்டு ஏடுகள் நெருக்கம் என்று காட்டும். எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று பெரும்பாலும் காட்டாது. இரண்டுமே கைக்குக் கிடைக்காத மூன்றாவது ஏட்டிலிருந்து வந்திருக்கலாம். அந்த மூன்றாவது ஏடு யார்? சளிப் பரிசோதனைக்குக்கூட வந்து சேராத ஆள். கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத ஆள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இருக்கிற இந்தியாவில் இப்படித் தொலைந்த ஏடுகள் ஏராளம்.

உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது தொலைந்த ஏட்டைத் தேடி. பிழை செய்த எழுத்தனைப் பிடித்துத் தண்டிக்க அல்ல. இந்த வாசிப்பு எதற்காக அலையப்போகிறது என்பதுதான் கேள்வி.