வாய் பேசாத நோயாளிகள்
மாட்டு வெக்கை நோயின் வரலாறும் கழுதை கற்பிக்கும் பாடமும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் மாட்டு நோயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்ட மொழி நம்முடையது. புறத்திணைகளுள் முதலில் வைக்கப்பட்ட வெட்சி, ஆநிரை கவர்தலைப் பற்றியது. முல்லை நிலத்து மாலைப்பொழுது, கன்றை நினைந்து விரையும் பசுவின் மணியோசை இன்றி நிறைவதில்லை. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கெரிக்க ஆடுகளை விட்டவர்கள், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லிலே பொறித்து வைத்தார்கள். ஒன்று செத்தால் குட்டியொன்று அவ்விடத்தை நிரப்ப வேண்டும். ஆயன் எண்ணிக்கை குறையாமல் காத்து நெய் அளந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு.

கணக்குக்கு அது சரி. ஆனால், ஒரே மாதத்தில் மந்தை முழுவதும் சாய்ந்துபோன ஆண்டில் அந்த ஆயன் என்ன செய்திருப்பான்? அதைப் பற்றி அந்தச் சொற்றொடர் ஒன்றும் கூறவில்லை. ஆநிரையைப் பாடிய அளவுக்கு ஆநிரையின் நோயை நாம் பாடியதும் இல்லை. அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியையேனும் நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் நாடுதல்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன். இந்த நான்கில் முதற்கூறு வாய் திறந்து பேசும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கால்நடை மருத்துவத்தில் அந்த முதற்கூறு ஊமை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று மாடு சொல்வதில்லை. ஆகவே கண்ணாலும் கையாலும் மூக்காலும் நோயறிய வேண்டியிருக்கிறது. அசைபோடுவது நின்றதா, மூக்கின் நுனி காய்ந்ததா, காதடி சுடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்று உழவர் பார்க்கும் ஒவ்வொன்றும் நோயாளியின் வாய்மொழிக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது.

இந்த உற்றுநோக்கலிலிருந்தே நம் நோய்ப் பெயர்கள் பிறந்தன. தொடையிலோ சப்பையிலோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிப்பது சப்பை நோய். தொண்டை வீங்கி மூச்சு முட்டுவது தொண்டை அடைப்பான். வாயிலும் குளம்பிடையிலும் புண்ணாகி நொண்டச் செய்வது கோமாரி. உடல் அனலாய்க் கொதித்து, கண்ணும் மூக்கும் வடிந்து, வாய்க்குள் தவிடு தூவியது போலத் தோல் உரிந்து, பின் அடங்காத கழிச்சலில் ஆறு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் கொன்றுவிடுவது வெக்கை. ஊருக்கு ஊர் இப்பெயர்கள் இடம் மாறி வழங்குவதும் உண்டு. எனினும் ஒவ்வொரு பெயரும் ஒரு நோய்க்குறிப்பைத் தன்னுள் கொண்டிருப்பது கருதத்தக்கது. கோமாரியில் வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைக்கும். வெக்கையில் கொட்டிலே காலியாகும். இரண்டிலும் வாயில் புண் உண்டு. குளம்பைப் பார்த்தவனே வேறுபாடு அறிந்தான்.

கழுதை கற்பிக்கும் பாடம்

வெக்கை நோய் பிளந்த குளம்புடைய விலங்குகளைத் தாக்கியது. பசு, எருமை, ஆடு, பன்றி, காட்டெருது ஆகியவை அதற்கு இரையாயின. குதிரையையும் கழுதையையும் அது தொடவில்லை. ஊரின் மாடெல்லாம் மடிந்த காலத்திலும் வெளுப்பவரின் கழுதை பொதி சுமந்து ஆற்றுக்குப் போய் வந்தது.

அதனால் கழுதைக்கு நோயே இல்லை என்று எண்ணிவிடலாகாது. குதிரையினத்தைக் கொல்லும் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய், குதிரையில் பல மாதம் மறைந்து கிடக்கும். கழுதையிலோ கடுமையாகப் பற்றி விரைவில் கொன்றுவிடும். மனிதரையும் அது விடுவதில்லை. அந்நோயைக் கண்டறியும் ‘மாலீன்’ சோதனையை 1890-91-இல் ரஷ்யப் பேரரசின் கால்நடை மருத்துவர்களான ஹெல்மனும் கால்னிங்கும் உருவாக்கினார்கள். கால்னிங் அதே நோய் தொற்றி 1891-இல் மாண்டார். இந்தியாவில் இந்நோயைக் கட்டுப்படுத்தவே 1899-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

கழுதையிடம் மருத்துவர் கற்க வேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. வயிற்று வலி வந்த குதிரை தரையில் உருண்டு புரளும். கழுதை தலையைத் தாழ்த்தி, ஒதுங்கி, அசையாது நிற்கும். ‘சோம்பி நிற்கிறது’ என்று உரியவர் அடிப்பார். உண்மையில் அந்த நிற்றலே அதன் கதறல். தீனி மறுத்த கழுதையின் இரத்தத்தில் கொழுப்பு பெருகி, ஈரலும் சிறுநீரகமும் கெட்டு, சில நாள்களில் அது இறந்துபோகவும் கூடும். தன் இணையைப் பிரித்தாலும் அது தீனி மறுக்கும். ஆதலால் சிகிச்சையின்போது இணையை அருகிலேயே கட்டவும், ஒன்று இறந்தால் மற்றது அவ்வுடலருகே சிறிது நேரம் நிற்க விடவும் வேண்டும் என்று இந்நாளைய கால்நடை மருத்துவம் அறிவுறுத்துகிறது. குதிரைக்குரிய அளவுகோலைக் கொண்டு கழுதையை அளந்ததே நெடுங்காலப் பிழை. ஒவ்வோர் உயிரின் மௌனத்துக்கும் தனி இலக்கணம் இருக்கிறது.

நோய் அறியாத இடத்தில் பழி

வெக்கை நோயின் அறிவியல் வரலாறு ஐரோப்பாவில் துயரத்திலிருந்து தொடங்கியது. 1711-இல் இத்தாலியில் அந்நோய் பரவியபோது, பாதுவா நகரின் மருத்துவப் பேராசிரியர் ராமத்சினி அதன் குறிகளை விளக்கினார். போப்பரசரின் மருத்துவரான லான்சிசி, நோயுற்ற மாட்டைக் கொன்று ஆழப் புதைத்தல், மாடுகளின் போக்குவரத்தைத் தடுத்தல் முதலிய கடும் விதிகளை வகுத்தார். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1762-இல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ழலா தொடங்கியதற்கும் மாட்டுக் கொள்ளைநோயே ஒரு முக்கியக் காரணம். 1865-இல் இங்கிலாந்தில் நுழைந்த நோய் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகளை அழித்தது.

இந்தியாவில் நிகழ்ந்ததோ வேறு வகையானது. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், வட இந்தியாவின் ஆசம்கர் முதலிய பகுதிகளில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார் மக்கள் நஞ்சு வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. செத்த மாட்டை அகற்றுவது அவர்கள் மேல் சாதி சுமத்திய கடமை. அதன் தோல் அவர்களுக்கு அக்கடமை தந்த கூலி. அக்கூலியே அவர்களுக்கு எதிரான சான்றாக நின்றது. வழக்குகள் நடந்தன, தண்டனைகளும் விதிக்கப்பட்டன. எங்கோ சிலவிடத்து நஞ்சு மெய்யாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் கழிந்து கழிந்து செத்த மாடு பாஷாணத்தால் செத்ததா, வெக்கையால் செத்ததா என்று பிரித்தறியும் கல்வி அன்று ஆட்சியாளரிடமும் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை. 1871-இல் வெளிவந்த இந்திய மாட்டுக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கையே வெக்கை இந்நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது.

நோயைச் சரியாக அறியாதபோது மருந்து மட்டுமா தவறுகிறது? நீதியும் தவறுகிறது. நோயறிதல் வெறும் தொழில் நுணுக்கம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கடல் கடந்த கொடுமை

1887 அளவில் செங்கடற் கரையிலுள்ள மசாவா துறைமுகத்தின் வழியே வெக்கை நோய் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு அது வந்தது என்பதும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்பதும் வரலாற்றாசிரியர் பலர் கருத்து. உழவெருதுகள் அழிந்தன, நிலம் தரிசானது, 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். நோய் தெற்கு நோக்கி நடந்தது. 1896-இல் சாம்பசி ஆற்றைக் கடந்து தென்னாப்பிரிக்காவை அடைந்தது. நெடுந்தொலைவுக்குக் கம்பிவேலி இட்டும் பயனில்லை. எருதுகள் இழுத்த வண்டிகள் வழியிலேயே நின்றன. அப்போது அங்கே பாரத்துக்கும் ஏருக்கும் கழுதைகள் மிகுதியாகப் புகுந்தன. ஏளனத்துக்குரியதாய் நாம் வைத்திருக்கும் அந்த விலங்கு, எருது இல்லாத வீட்டின் அடுப்பு அணையாமல் காத்தது.

ஊசியின் கதை

1896 இறுதியில் கிம்பர்லி நகருக்கு அழைக்கப்பட்ட ராபர்ட் கோக், வெக்கையில் இறந்த மாட்டின் பித்தநீரை நலமான மாட்டின் தோலடியில் செலுத்தினால் நோயெதிர்ப்பு உண்டாவதை 1897 தொடக்கத்தில் அறிவித்தார். அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்து முக்தேசரையும் கண்டார். 1889-இல் பூனாவில் தொடங்கப்பட்ட இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லாபரட்டரி, 1893-இல் அந்தக் குமாவூன் மலையூருக்கு மாற்றப்பட்டிருந்தது. 1902-இல் கான்ஸ்டான்டிநோபிளில் நிக்கோலும் அதில் பேயும், நுண்ணுயிர் வடிகட்டியையும் கடந்து செல்லும் நச்சுயிரியே வெக்கைக்குக் காரணம் என்று காட்டினார்கள். நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் நச்சுயிரியும் அதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

1920களில் முக்தேசரில் எட்வர்ட்ஸ், அந்த நச்சுயிரியை ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொடர்ந்து மாற்றி, மாட்டிடம் அதன் வீரியத்தைக் குறைத்தார். மலிவான அந்த ஆட்டுத் தடுப்பூசி நம் சமவெளி மாடுகளுக்குப் பொருந்தியது. மலைநாட்டு மாடுகளிலும் கலப்பினங்களிலும் கடுமையான எதிர்விளைவு தந்தது. பின்னர் கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட், திசு வளர்ப்பில் உருவாக்கி 1962-இல் வெளியிட்ட தடுப்பூசி எல்லா இனத்துக்கும் ஏற்றதாயிற்று.

தமிழகத்தில் இதன் தொடர்பு நீண்டது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. இராணிப்பேட்டையில் வெக்கை நோய்க்கான ஊநீர் ஆக்குவதற்காக 1932-இல் அமைந்த நிலையம், பின்னாளில் பல தடுப்பூசிகளின் பிறப்பிடமாயிற்று. 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் வந்தது. கொட்டில் கொட்டிலாக ஊசி போட்டதில் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தென் மாநிலங்களில் அணையாத தணலாகக் கிடந்தது.

இலங்கை நாற்பதாண்டுக் காலம் நோயற்றிருந்தது. 1987-இல் அங்கே வடக்கிலும் கிழக்கிலும் வெக்கை மீண்டும் தோன்றியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்கென்று கொண்டுபோன ஆடுகளே அதைச் சுமந்து சென்றன என்று நோய் ஆராய்ந்தோர் எழுதினர். போர் சூழ்ந்த மண்ணில் மாடும் தன் பங்குக்கு மடிந்தது.

ஊசியை நிறுத்திய துணிவு

1992-இல் தொடங்கிய புதிய திட்டத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. ஊசி பெற்ற மாட்டின் இரத்தமும், நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே காட்டின. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், நோய் ஒழிந்ததா, மறைந்து கிடக்கிறதா என்று ஒருபோதும் அறிய முடியாது. ஆகவே ஊசியைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நிறுத்திய பின் ஊர் ஊராகச் சென்று தேடினார்கள். வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து கண்ட ஒவ்வொரு மாட்டையும் ஐயுற்றுச் சோதித்தார்கள். இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995-இல் நம் தமிழ்நாட்டில்தான் பதிவாயிற்று. 2006-இல் இந்தியா அந்நோய்த் தொற்றற்ற நாடென ஏற்கப்பட்டது. உலகின் கடைசி நிகழ்வு 2001-இல் கென்யாவின் காட்டெருமைகளிடம் காணப்பட்டது. 2011 சூன் 28 அன்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நோய் ஒழிந்ததை உலகுக்கு அறிவித்தது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாம் நோய் இது.

இவ்வெற்றியில் ஆய்வுக்கூடத்துக்கு அப்பாற்பட்டோர் பங்கும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடைசித் தணல்களைத் தேடியவர்கள், மேய்ப்பர்களிடம் அமர்ந்து அவர்களுடைய நோய்ப் பெயர்களைக் கேட்டார்கள். எந்தச் சொல் எந்தக் குறியைச் சுட்டுகிறது, கடைசியாக எப்போது அதைக் கண்டீர்கள் என்று விசாரித்தார்கள். எழுத்தறியாத மேய்ப்பரின் சொல்லே ஆய்வாளருக்கு வழிகாட்டியது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் இதை எழுதத் துணிந்த காரணம் இதுவே. வெக்கை போயிற்று, ஆனால் நோய்கள் ஓயவில்லை. வெக்கையின் உறவான ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. 2019-இல் இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய தோல் கழலை நோய், 2022-இல் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கழுதைகளோ நோயின்றியே மறைகின்றன: 2012-இல் நாட்டில் 3.2 இலட்சமாக இருந்தவை, 2019 கணக்கெடுப்பில் 1.2 இலட்சமாகக் குறைந்தன. அவற்றோடு அவற்றைப் பேணியவரின் கைப்பழக்கமும் சொற்களும் மறைகின்றன.

நம் ஊர்களில் வெக்கையைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. மாட்டின் மூக்கைத் தொட்டு நோய் சொன்ன கிழவியும், கழுதை நிற்கும் நிலை கண்டு வலியறிந்த வெளுப்பவரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய சொற்கள் பல அகராதியில் ஏறவில்லை. நம் வட்டத்து அன்பர்கள் ஊருக்குச் செல்லும்போது ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்கென ஒதுக்கி, நோய்ப் பெயர்களையும் குறிகளையும் கேட்டு எழுதி வருவார்களானால், அடுத்த மலருக்கு அதைவிடப் பயனுள்ள பக்கங்கள் கிடைப்பது அரிது.