தரவுக் கிடங்குச் சந்தையில் மைக்ரோசாப்ட்

தரவுக் கிடங்கு என்பது ஒரு நிறுவனத்தின் பல ஆண்டுக் கணக்குகளை அன்றாடப் பயன்பாட்டிலிருந்து பிரித்து, ஆய்வுக்கு ஏற்றபடி அடுக்கி வைக்கும் தரவுத்தளமாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998இல் இச்சந்தைக்குள் நுழைந்தது. பெருநிறுவனங்களுக்கே கட்டுப்படியான இத்தொழில்நுட்பம் நடுத்தர நிறுவனங்களையும் எட்டியதில் அந்நுழைவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

தேவை

விருதுநகர் மொத்த வியாபாரத்தில் கடை வேறு, கிட்டங்கி வேறு. கணினியிலும் அதே பிரிவினை தேவைப்படுகிறது. சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே பில் போடும் வேலை ஓயாது. கடந்த 5 தீபாவளிகளில் எந்த மாநிலத்துக்கு எத்தனை பெட்டி கம்பி மத்தாப்பு போனது என்ற கேள்வியை அதே தரவுத்தளத்தில் கேட்டால், ஐந்தாண்டு பில்கள் அனைத்தையும் அது புரட்ட வேண்டும். பில் போடுவது தாமதமாகும். எனவே பழைய கணக்குகள் தனிக் கிடங்குக்கு மாற்றப்படுகின்றன. அங்கே சரக்கு, ஊர், காலம் ஆகிய கோணங்களில் கூட்டுத்தொகைகள் முன்கூட்டியே கணக்கிடப்படுகின்றன. இந்த அமைப்பு 'கனசதுரம்' எனப்படுகிறது.

பின்னணி

பில் இன்மன் 1992இலும் ரால்ஃப் கிம்பல் 1996இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. பலகோண ஆய்வைக் குறிக்கும் 'ஓலாப்' என்ற பெயரை, ஆர்பர் சாப்ட்வேர் நிறுவனத்துக்காக 1993இல் எழுதிய அறிக்கையில் எட்கர் காட் பரப்பினார். 1995இல் ஆரக்கிள், ஐஆர்ஐ நிறுவனத்திடமிருந்து 'எக்ஸ்பிரஸ்' மென்பொருளை வாங்கியது. அக்காலத்தில் தரவுத்தளத்துக்கு ஒரு விலை, ஆய்வு மென்பொருளுக்கு வேறு விலை என்பதே நடைமுறை.

நுழைவு

மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர், சைபேஸ் நிறுவனத்துடன் கூட்டாக உருவாகி 1989இல் வெளிவந்தது. அந்தக் கூட்டு 1994இல் முறிந்தது. 1996இல் இஸ்ரேலின் பனோரமா நிறுவனத்திடமிருந்து ஓலாப் தொழில்நுட்பத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. அதை மெருகேற்றி, 1998 நவம்பரில் அறிமுகமான எஸ்கியூஎல் சர்வர் 7.0உடன் 'ஓலாப் சர்வீசஸ்' என்ற பெயரில் தனிக் கட்டணமின்றி இணைத்தது. தரவைப் பல இடங்களிலிருந்து எடுத்து மாற்றி ஏற்றும் கருவியும் உடன் வந்தது. எக்செல் 2000இலிருந்தே கனசதுரத்தைத் திறந்து பார்க்கவும் வழி கிடைத்தது. பழகிய விரிதாளே ஆய்வுக்கான வாசலானது.

விளைவுகள்

ஆய்வு மென்பொருளை மட்டும் விற்றுவந்த நிறுவனங்களுக்கு இது நெருக்கடியாக அமைந்தது. 1998இல் ஆர்பர், ஹைபீரியனுடன் இணைந்தது. 2007இல் ஹைபீரியனை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டில் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை வாங்கப்போவதாக எஸ்ஏபியும், கோக்னோஸை வாங்கப்போவதாக ஐபிஎம்மும் அறிவித்தன. மிகப் பெரிய கிடங்குகளில் டெராடேட்டா போன்றவை தொடர்ந்து முன்னணியில் இருந்தன. அந்த இடைவெளியை நிரப்ப மைக்ரோசாப்ட் 2008இல் டேட்டாலெக்ரோவை வாங்கியது; 2016இல் மேகக்கணிமையில் அசூர் எஸ்கியூஎல் டேட்டா வேர்ஹவுஸ் சேவையைத் தொடங்கியது.

விலை குறைத்தும் குறையாத வேலை

மென்பொருள் மலிந்தாலும் தரவைச் சீராக்கும் உழைப்பு குறையவில்லை. ஒரு பில்லில் 'தரைச்சக்கரம்', இன்னொன்றில் 'சங்குசக்கரம்' என்றிருந்தால் கணினிக்கு அவை இரண்டு சரக்குகள். ஒருவர் பெட்டிக் கணக்கிலும் மற்றவர் டஜன் கணக்கிலும் எழுதியிருந்தால் கூட்டுத்தொகையே தவறும். காலத்திலும் சிக்கல் உண்டு. தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. இவ்விரு ஆண்டுகளின் அக்டோபர் விற்பனையை அப்படியே ஒப்பிட்டால் வியாபாரம் சரிந்ததாகப் பிழையான முடிவு கிடைக்கலாம். 'தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு' என்று காலத்தை வகுத்தால்தான் ஒப்பீடு பொருந்தும். இந்த வகுப்பை எந்த மென்பொருளும் தானாக அறியாது. தொழில் தெரிந்தவரே கிடங்கை வடிவமைப்பவருக்குச் சொல்ல வேண்டும்.