ஒரே கல், இரு காலங்கள்: சார்னோக்கைட்டும் கோண்டுவானாவின் தைப்புக் கோடும்

கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கருங்கல் பலகையும் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறையும் ஒரே இனம் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் சூட்டினார். சென்னைக்காரர்களுக்கு அது ஜல்லியாகவும் கடைக்கால் கல்லாகவும் பழகிய கருங்கல். புவியியலாளருக்கு அது கண்டத்தின் அடிமேலோடு வெளியே தலைகாட்டும் இடம். அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் பாறை வெந்ததைச் சொல்கிறது.

எப்போது வெந்தது? பெருங்கண்டங்களின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்குரிய இடம் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது. விடை ஒன்றாக இல்லை என்பதே சிக்கல்.

1936இல் லூயிஸ் ஃபெர்மர் இந்தியத் தீபகற்பத்தைச் சார்னோக்கைட் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று கோடு கிழித்துப் பிரித்தார். பயனுள்ள கோடுதான். ஆனால் கோட்டுக்குத் தெற்கே உள்ளதெல்லாம் ஒரே நிலம், ஒரே காலம் என்ற எண்ணத்துக்கும் அது இடம் கொடுத்தது. அந்த எண்ணத்தை அசைக்கும் தடயம் 1960இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கர்நாடகத்தின் கப்பாள்துர்காக் கல்குவாரியில், சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் முளைத்திருப்பதைச் சி. எஸ். பிச்சமுத்து அதில் விவரித்தார். ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோதே உறைந்துபோன காட்சி அது. கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஆழத்திலிருந்து ஊடுருவியதால் பாறையின் நீர்த்தன்மை குறைந்து, ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும் சிதைந்து, ஹைப்பர்ஸ்தீன் பிறந்தது என்று பின்வந்தோர் விளக்கினர்.

கேரளத்தின் பொன்முடியிலும் இதே காட்சி உண்டு. வெளிர்ந்த நைஸ் பாறையில் அதே கரும்பச்சைத் திட்டுகள். ஆனால் கப்பாள்துர்காவில் இந்த மாற்றம் நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பொன்முடியில் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஒரே வேதிச் செயல் ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டு இடைவெளியில் இருமுறை நடந்திருக்கிறது. ஆகவே சார்னோக்கைட் என்பது ஒரு நிலைமையின் பெயர். அதை ஒரு காலத்தின் பெயராகக் கொள்ள முடியாது.

பாறைக்குள் இரண்டு வகைக் கடிகாரங்கள் ஓடுகின்றன. சிர்கான் மணி உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை விலக்கிவிடும். பிறகு யுரேனியம் சிதைந்து சேரும் ஈயத்தை அளந்தால் வயது கிடைக்கும். பாறை மீண்டும் வெந்தால் பழைய மணியைச் சுற்றிப் புது வளையம் வளரும். வளையம் கடைசி நெருப்பின் தேதியைச் சொல்லும். கருவோ அதற்கு முந்தைய வரலாற்றைச் சொல்லும். சமாரியம்–நியோடிமியக் கடிகாரம் இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. அந்த மேலோட்டுப் பொருள் புவியின் மூடகத்திலிருந்து முதலில் பிரிந்த காலத்தை அதைக்கொண்டு மதிப்பிடலாம். சிர்கான் வளையம் தரும் வயதை வேக்காட்டு வயது என்றும் நியோடிமியக் கடிகாரம் தரும் வயதைப் பிறப்பு வயது என்றும் இங்கே அழைக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. மலைநாட்டுத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி என்ற மூன்றின் வேக்காட்டு வயதுகளும் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தவை. அது கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம். அதை மட்டும் பார்த்தால் தீவு முழுவதும் ஒரே துண்டு. 1988இல் மிலிசெண்டாவும் உடன் ஆய்வாளர்களும் நியோடிமிய ஐசோடோப்பு வரைபடம் தயாரித்தபோது நிலைமை மாறியது. நடுவிலுள்ள மலைநாட்டின் பிறப்பு வயது 200 முதல் 300 கோடி ஆண்டுகள். இருபுறமும் உள்ள வன்னிக்கும் விஜயனுக்கும் அது 100 முதல் 200 கோடி. வெவ்வேறு இடங்களில் பிறந்த நிலங்கள் ஒரே அடுப்பில் சேர்ந்து வெந்திருக்கின்றன. வேக்காட்டு வயது மறைத்த எல்லையைப் பிறப்பு வயது வெளியே கொண்டுவந்தது.

இந்தப் பாடத்தைப் பாலக்காடு–காவிரிப் பட்டைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிச் சமவெளி நோக்கிக் கிழக்கே நீளும் இப்பட்டையில் பாறைகள் நசுங்கி, இழுபட்டு, இழையிழையாகப் பிரிந்து கிடக்கின்றன. 1980இல் ட்ரூரியும் ஹோல்ட்டும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இதன் நீளத்தைத் தெளிவாக்கினர். 2007இல் காலின்ஸ் குழுவினரும் 2009இல் சந்தோஷ் குழுவினரும், ஆப்பிரிக்காவை ஒட்டிய மொசாம்பிக் பெருங்கடல் மூடிய தைப்புக் கோடு இதுவே என வாதிட்டனர். அந்தக் கடல் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மூடியது என்பது அவர்கள் கணக்கு.

அவர்கள் தரப்புக்கு வலுவான சான்று உண்டு. இப்பட்டையிலுள்ள மணமேட்டில் கடலடி மேலோட்டின் துண்டு என்று கருதப்படும் பாறைத்தொகுதி கிடைத்திருக்கிறது. அதன் வயது 70 முதல் 80 கோடி ஆண்டுகள். ஆனால் அதே பட்டையில் நாமக்கல்லை அடுத்த தேவனூரில் கிடைத்த, அதே வகையான தொகுதியின் வயது சுமார் 250 கோடி. இதைவிடப் பெரிய தடை தெற்கே இருக்கிறது. பட்டைக்கு வடக்கே சேலம் பகுதியில் உள்ளது போன்ற 250 கோடி ஆண்டுச் சார்னோக்கைட், பட்டையைத் தாண்டி மதுரை நிலத்தொகுதியின் வடமேற்கிலும் தொடர்கிறது. பிளாவ்சா குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பாறைகளின் வயதும் வேதியியலும் உண்மையில் மாறுவது மதுரைத் தொகுதியின் உள்ளே, மேலும் தெற்கே.

ஒரு பெருங்கடலின் இரு கரைகள் ஒரே காலத்தில் பிறந்து, ஒரே வகை மேலோட்டைக் கொண்டிருப்பது அரிது. எனவே பாலக்காடு–காவிரிப் பட்டை இருமுறை தைக்கப்பட்ட கோடு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வடக்கேயுள்ள தார்வார் நிலத்தோடு தெற்கு நிலத்துண்டுகள் இணைந்த எல்லை அது. அந்தப் பழைய பலவீனத்தின் மேலேயே பின்னாளில் ஒரு குறுகிய கடல் திறந்து மூடியது. மணமேடு அதன் எச்சம். கோண்டுவானா உருவானபோது இரு அன்னிய நிலங்கள் சந்தித்த முதன்மை எல்லையை, பிறப்பு வயது மாறும் மதுரைத் தொகுதிக்குள் தேடுவதே பொருத்தம். பட்டையின் வேக்காட்டு வயது 55 கோடி என்பது இந்த விளக்கத்தோடு முரண்படவில்லை. தெற்கே நடந்த மோதலின் வெப்பமும் அழுத்தமும் பழைய தையலையும் மீண்டும் அசைத்திருக்கும்.

இந்த நிலைப்பாட்டைச் சோதிக்க வழி உண்டு. மதுரைத் தொகுதியின் குவார்ட்சைட் பாறைகள் ஒருகாலத்தில் மணலாக இருந்தவை. அந்த மணலில் வந்து சேர்ந்த சிர்கான்களின் கருக்கள், எந்த நிலத்தின் ஆறுகள் அவற்றைக் கொண்டுவந்தன என்பதைக் காட்டும். பட்டையை ஒட்டித் தெற்கே உள்ள குவார்ட்சைட்டில் 250 கோடி வயதுக் கருக்கள் மிகுந்து, தென்கோடியில் அவை மெலிந்தால் இவ்வாதம் நிற்கும். காவிரியின் தென்கரையிலிருந்தே மணிகளின் வயது முற்றிலும் மாறுமானால், மொசாம்பிக் பெருங்கடலை மீண்டும் மணமேட்டுக்கே கொண்டுவர வேண்டியிருக்கும்.