புலி கட்டிய மிக் வேஷம்

வியட்நாம் வானில் அமெரிக்க விமானிகள் திணறியதற்கு ஒரு காரணம் அவர்கள் ஊரிலேயே இருந்தது. பயிற்சியில் ஃபான்டம் விமானத்தோடு ஃபான்டமேதான் மோதும். இரண்டுக்கும் ஒரே பருத்த உடம்பு, ஒரே கரும்புகை, ஒரே குணம். போரில் எதிரே வந்ததோ சின்னஞ்சிறு சோவியத் போர்விமானம் மிக். எதிரியைப்போலப் பறந்து காட்ட ஆள் வேண்டும் என்பது அங்கே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1969இல் மிராமாரில் கடற்படை தொடங்கிய டாப்கன் பள்ளியில் ஏ-4 ஸ்கைஹாக், மிக்-17 ஆக நடித்தது. நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் 1972இல் விமானப்படையின் 'அக்ரஸர்' பிரிவு உருவானது. முதலில் டி-38, பிறகு எஃப்-5இ.

இந்த எஃப்-5இயின் பெயர் டைகர். கட்டியதோ மிக்-21 வேஷம். தென் வியட்நாமுக்கென வைத்திருந்த விமானங்கள் சில, 1975இல் சைகோன் வீழ்ந்தபின் இந்த வேலைக்கு வந்தன. வேஷம் கச்சிதம்: தூரத்தில் கண்ணுக்குச் சிக்காத குட்டி உடல், மூக்கில் சோவியத் பாணியில் இரண்டு இலக்க எண். வேகத்தில் மட்டும் குறை. மிக்-21 ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் போகும். இது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் நெருங்கி வளைந்து வளைந்து சண்டையிடும்போது அந்த உச்ச வேகம் யாருக்கும் கைகொடுப்பதில்லை.

அதே நெவாடாவில், டோனோபா பாலைவனத் தளத்தில், 1979 முதல் அசல் மிக்குகளே ரகசியமாகப் பறந்தன. திட்டத்தின் பெயர் கான்ஸ்டன்ட் பெக். பயிற்சிக்கு வந்தவர் முதலில் சண்டை போடமாட்டார்; மிக்கின் பக்கத்தில் பறந்து அதை ஆசைதீரப் பார்ப்பார். முதன்முதலில் மிக்கைக் காணும்போது கை உறைந்துபோகிறதே, அதற்கு இதுதான் மருந்து. வேஷத்தால் தரமுடியாதது இது. இறுக்கித் திருப்பினால் மிக்-21 வேகத்தை இழந்துவிடும், அதிவேகத்தில் மிக்-17இன் கட்டுப்பாட்டுக் கோல் கனத்துப்போகும் என்பதையெல்லாம் ஏட்டில் படிக்காமல் எதிரே கண்டார்கள்.

விலையும் அதிகம். உதிரி பாகத்துக்குச் சோவியத் ஒன்றியத்துக்கா கடிதம் எழுத முடியும்? விபத்துகளில் இரண்டு விமானிகள் இறந்தார்கள். 15,000 பறப்புகளுக்குமேல் முடித்து, 1988 மார்ச்சில் கடை கட்டினார்கள். 2006இல்தான் அரசு விஷயத்தை வெளியே சொன்னது.

என் ஓட்டு வேஷத்துக்கே. அசல் மிக் இயந்திரத்தைக் காட்டியது. எதிரி எப்படி யோசிப்பான் என்பதை, சோவியத் உத்திகளைப் படித்து அதன்படியே பறந்த அக்ரஸர் விமானிகள் காட்டினார்கள். அதுவும் ஒளிவுமறைவில்லாமல், இங்கிலாந்தின் அல்கன்பரி, பிலிப்பைன்ஸின் கிளார்க் வரை போய். அசலை ஓரிரு முறை பார்த்தால் போதும். பழக்கத்துக்கு நூறு முறை மோதவேண்டும். 1986இல் வந்த 'டாப் கன்' படத்தில் கறுப்புச் சாயம் பூசிய எஃப்-5ஐ 'மிக்-28' என்றார்கள். அப்படியொரு விமானமே கிடையாது; பார்த்தவர்கள் நம்பினார்கள்.

சுவிட்சர்லாந்து விமானப்படை கழித்துவிட்ட எஃப்-5களை வாங்கி, அமெரிக்கக் கடற்படை இந்த நூற்றாண்டிலும் எதிரியாகப் பறக்கவிடுகிறது.